பதினெட்டுத் தக்காளிக் கன்றுகள்

மே 8, வெள்ளி
வெயில். பின்னேரம் இருபத்திரண்டு பாகை. வேலை முடிந்து நேரே தோட்டம். இவர் பங்குனியில் ஜன்னலோரம் முளைக்க வைத்த பதினெட்டுத் தக்காளிக் கன்றுகளையும் நட்டுவிட்டேன். ஜன்னல் துடைத்து இரண்டு மாதம். இனித் துடைக்கலாம். இடுப்பு வலி.

மே 9, சனி
இவர் றீஹா மறுவாழ்வு நிலையத்திலிருந்து ஃபோன். பைபாஸ் முடிந்து நாலாவது கிழமை. இரண்டு மாடிப் படி ஏறினாராம். பிறகு கன்றுக் கதை.
"வெளியில வைக்காதையும். மே பதினைஞ்சு மட்டும் பொறும். அதுக்குள்ள ஒரு குளிர் வரும்."
"ஓம். உள்ளுக்குத்தான் நிக்குது."
ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை. டொக்டர் டென்ஷன் கூடாது என்றவர். அதுவாக இருக்கலாம்.
வாங்க: பால், சலவைத்தூள், பல்ப்.

மே 12, செவ்வாய்
காற்று. நாளை விடியப்புறம் பூச்சியம் பாகை என்று ரேடியோ. பின்னேரம் ஐந்தரைக்குத் தோட்டம். கவிழ்த்தவை: வாளி நாலு, பூச்சட்டி ஐந்து. மிச்சத்துக்குப் பழைய படுக்கை விரிப்பு. அதுவும் போதாமல் இவரின் கோயில் வேட்டி. பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரர் வேலிக்கு மேலால் பார்த்தார். "அவசரப்பட்டுவிட்டீர்கள்" என்றார். தெரியும் என்றேன். போய் இரண்டு வாளி எடுத்துவந்து தந்தார்.

மே 13, புதன்
வேலைக்கு முதல் போய்ப் பார்த்தேன். வேட்டி உறைந்து தகரம் போல. வாளிக்குள் நின்றவை நல்லம். துணி சரிந்து இலையில் பட்ட இடத்தில் ஏழு கறுத்துவிட்டன. தண்டும் கூழ்.
அழுகை வந்தது. தக்காளிக்கு. இவர் ஒபரேஷனில் கிடந்த அன்று வரவில்லை.
பஸ் வந்துவிட்டது.

மே 14, வியாழன்
விடுமுறை. றீஹாவுக்குப் போனேன். மெலிந்திருக்கிறார். சூப்பில் உப்பில்லையாம். பூங்காவில் நடக்கும்போது சொன்னேன்.
"வெள்ளிக்கிழமையே நட்டிட்டன். ஏழு கருகிப் போட்டுது."
பக்கத்து பெஞ்சில் இருந்தார்.
"முதல் வருஷம் நானும் இதைத்தான் செய்தனான். எல்லாம் செத்துப்போச்சு. ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பூக்கடையில வாங்கி நட்டுப்போட்டு, உமக்குச் சொல்லேல்லை."
"உங்கட விதையில வந்த பழமெண்டு எல்லாருக்கும் குடுத்தனே."
"ஓம். பாத்துக்கொண்டு நிண்டனான்."
சிரிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தையல் இழுக்கிறதாம்.

மே 16, சனி
குளிர் விட்டது. ஸ்டேஷன் பூக்கடையில் ஏழு கன்று கேட்டேன். கடைக்காரி என்னையே பார்த்தாள்.
"நீல சைக்கிளில் வருவாரே, மீசைக்காரர், அவர் உங்கள் கணவரா? இந்த மே மாதம் காணவில்லை."
"ஒவ்வொரு மேயும் வருவாரா?"
"ஆறு வருஷமாக. நல்ல மனுஷர். கன்றுகளில் செருகியிருக்கும் பெயர் அட்டையைக் கழற்றித் தரச் சொல்லுவார்."
ஏழும் நட்டாயிற்று. பின்னேரம் இவர் ஃபோன். பூக்கடையில் ஏழு கன்று வாங்கியதைச் சொன்னேன்.
"கடையில ஏதும் கதைச்சவையோ?"
"இல்லையே" என்றேன்.