கூப்பிட்டால் வராத நாய்

தச்சநல்லூர்,
புரட்டாசி 15

மஸ்கட்டில் இருக்கும் திரு. குமரகுருபரன் அவர்களுக்கு, மனைவி கோமு எழுதிக்கொண்டது.

‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பார்த்தேன், கை ஓடவில்லை. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை அசன் மைதீன் அண்ணாச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். லீவில் ஏரலுக்கு வந்தவர் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள். இதையாவது கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என்ன சொன்னீர்கள்? ‘தீவாளிக்கு நான் வரும்போது அந்த நாயி கூப்பிட்ட குரலுக்கு வரணும். இல்லேன்னா ஆத்துப்பாலத்துல கொண்டு விட்டுட்டு வந்துருவேன்’ என்றீர்கள். ஸ்னேகா பக்கத்தில்தான் இருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண், நாய்க்குட்டி பஞ்சுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் அன்று சாப்பிடவே இல்லை.

சித்திரையில் லீவுக்கு வந்தபோது, மகளுக்கு என்று சொல்லி ராஜபாளையம் குட்டியை வாங்கி வந்தது நீங்கள். அதற்குச் சட்டம் போட்டதும் நீங்கள். சைவ வீட்டு நாய் சைவம்தான் தின்ன வேண்டுமாம். முட்டை வாசலைத் தாண்டினால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். ‘தெருநாயெல்லாம் ஊசி போட்டா வளருது?’ என்று தடுப்பூசியும் வேண்டாம் என்றீர்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தச் சட்டத்துக்குப் பயந்து மூன்று மாதம் தயிர்ச்சோறும் பருப்புச்சோறும் போட்டேன். முன்னங்கால் இரண்டும் வளைந்து, வாசற்படி ஏற முடியாமல் நின்றது அந்தக் குட்டி.

ஆவணி பிறந்ததும் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து கால்நடை டாக்டர் ஸமீஹாவிடம் கொண்டு போனேன். ‘வளர்ற குட்டிக்கு வெறும் சோறு போட்டா எலும்பு எப்படிக்கா நிக்கும்?’ என்று அந்தப் பெண் என்னைத்தான் திட்டினாள். உங்களுக்கு விழ வேண்டிய திட்டு. பூச்சி மருந்து கொடுத்து, தடுப்பூசியும் ஆரம்பித்தாள். ஊசி போடாத குட்டிகளைக் கொண்டுபோகிற ரத்தபேதி இத்தனை நாள் வராமல் தப்பியது அதன் ஆயுசு கெட்டி. இப்போது பின்வாசலில் தனிச் சட்டியில் தினமும் முட்டை வேகிறது. நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. கூரை இடிந்து விழவில்லை, நானும் பெட்டி கட்டவில்லை. கால் பாதி நிமிர்ந்துவிட்டது.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் டாக்டர் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். நானும் ஸ்னேகாவும் துள்ளிவிட்டோம். பஞ்சு மேஜைக் காலை மோந்துகொண்டே இருந்தது. ‘இதுக்குப் பொறவியிலேயே காது கேக்காதுக்கா. இந்த வெள்ளைச் சாதியில சிலதுக்கு இப்படி உண்டு. கூப்பிட்டு வரலேன்னு யாரும் அடிக்கலையே?’ என்று கேட்டாள்.

‘ஏலே, இங்கன வால்லே’ என்று எத்தனை தடவை கத்தினீர்கள்! ‘ஏட்டி, அதுக்குத் திமிரப் பாத்தியா’ என்று சார்ஜர் வயரை மடக்கி அடித்தீர்கள். ஸ்னேகா குறுக்கே விழுந்த அன்று அந்த வயர் யார் முதுகில் பட்டது என்று நாம் இதுவரை பேசவில்லை. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. இனிமேல் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன்.

காது கேட்காத நாய்க்குக் கைதான் பேச்சு என்றாள் டாக்டர். முதலில் யார் கை உயர்ந்தாலும் கட்டிலுக்கடியில் போய் மூத்திரம் பெய்துவிடும். ஸ்னேகாதான் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து, அது வந்ததும் முட்டைத் துண்டு கொடுத்துக் கொடுத்துப் பழக்கினாள். தரையைத் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பும், கை விரித்தால் வரும். ஆற்றுப்பாலத்தில் விட்டால் பின்னால் வரும் லாரிச் சத்தம்கூட அதற்குக் கேட்காது. அதை அங்கே கொண்டு போவதானால் என்னையும் தாண்டித்தான் போக வேண்டும்.

ஸ்னேகாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனில் அவளைக் கூப்பிடும்போதெல்லாம் குளிக்கிறாள், டியூஷன் போயிருக்கிறாள் என்றேன். எல்லாம் பொய். பக்கத்தில்தான் நிற்பாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. கேட்டுத்தான் வர மாட்டேன் என்கிறாள்.

தீபாவளிக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்ததும் யாரையும் கூப்பிடாதீர்கள். முன்னறையில் தரையில் உட்காருங்கள். உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நாய் வரும். அவள் வருவதற்கு நாளாகலாம். அதுவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்க முடியும் என்றால் டிக்கெட் எடுங்கள்.

காந்திமதி அம்மன் உங்களுக்கு அந்தப் பொறுமையைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கோமு