ட்யூப் சுத்துன பேனா

அம்மணி நந்திதா,

நானும் அப்பாவும் பொள்ளாச்சி சித்தி ஊட்டு வளைகாப்புக்குப் போறோம். பொழுதுசாய வந்துருவோம். பருப்பும் ரசமும் அடுப்பு மேல இருக்குது, சோறு மட்டும் வெச்சுக்க. வெளிய போனா சாவிய பக்கத்து ஊட்டு மெர்சி அக்காகிட்டக் குடுத்துட்டுப் போ.

நேத்து உன்னைய ரொம்பப் பேசிப்போட்டேன். "வாதம் வந்தவங்களுக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லித் தர்றதுக்கு நாலு வருசப் படிப்பா?"ன்னு கேட்டு, அந்த ஆக்குபேஷனல் தெரபி அப்ளிகேசன்ல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். நீ என்ற பேனாவுக்கு சைக்கிள் ட்யூப்பைத் தடியாச் சுத்தி மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டே.

விடியக்கால ஒரு கனா. வாதத்துல விழுந்த வலது கைய ஆழியாத்துத் தண்ணிக்குள்ள விட்டுட்டு உக்காந்திருக்கேன். வெரலெல்லாம் மீன்குஞ்சாட்டம் தன்னால நீந்துது. முழிச்சும் கொஞ்ச நேரம் கை ஈரமாவே இருந்தாப்புல இருந்துச்சு. எந்திரிச்சுப் போயி அந்தப் பேனாவை அந்தக் கையாலயே புடிச்சுப் பார்த்தேன். நழுவலை.

அம்மா

தயிரை வெளிய வெக்காதே, புளிச்சுரும்.

இன்னொண்ணு. இதெல்லாம் நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுனது. அப்ளிகேசன் டிவிக்குப் பக்கத்துல இருக்குது. அதுல கோழி கிளறுனாப்புல ஒரு கையெழுத்து இருக்குது பாரு, அது மட்டும் நான் போட்டது.