வினோதா போடாத கையெழுத்து

தோஹா
04.05.2024

அன்பு வினோவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் சத்தம் போடுகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கொழும்புக் கம்பனிக்காரர் நம் தையல் நிலையத்தை வாங்கச் சம்மதித்துவிட்டார். மெஷின்களைக் கொழும்புக்குப் பக்கத்தில் ஜா-எலவுக்குக் கொண்டுபோவார்களாம். அங்கே நீதான் மேனேஜர். நாமும் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு எடுத்துக்கொள்ளலாம். ஆவணியில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீ விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், நான் மறுபடி இந்த வெயிலுக்கு வர வேண்டியதில்லை.

கல்யாணம் முடித்து ஏழு வருஷம். அதில் நாம் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை எண்ணவே பயமாக இருக்கிறது. காலையில் நீ தலை துவட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நான் தேத்தண்ணி ஊற்றித் தர வேண்டும். எனக்கு இருக்கிற ஆசை அவ்வளவுதான்.

உன்
சுதாகரன்


தலவாக்கலை
02.06.2024

அன்பு அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததும் கையெழுத்துப் போடத்தான் நினைத்தேன். நிலையத்தில் தைக்கிற பெண்களிடம் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. துணி வெட்டுகிற நாகலெட்சுமி அக்காதான் பேசினார்.

"நீ போம்மா. அண்ணன் பாவம். நாங்க எப்படியாச்சும் பொழச்சிக்குவோம்."

"எப்படிக்கா?"

"குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. பேரு குடுத்துட்டேன்."

அக்காவின் மகளுக்கு இன்னும் பால்பல்கூட விழவில்லை.

அந்த வாரமே மழை பிடித்தது. அவர்கள் குடியிருக்கிற தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் யாருக்கும் வீட்டுக்குள் போக முடியவில்லை. மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லோரையும் நிலையத்துக்குள் வரச் சொன்னேன். வெட்டு மேசையின் கீழே பிள்ளைகள் தூங்கினார்கள். அப்போதுதான் கம்பனி ஆள் பத்திரத்தோடு வந்தார். "திங்கட்கிழமைக்குள்ள இவங்கள அனுப்பிடுங்க மிஸ். நாங்க மெஷினை ஏத்தணும்" என்றார்.

"நாங்க விக்கலைங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உங்கள் முகம் ஞாபகம் வந்தது. அதுதான் உண்மை, அத்தான்.

நாம் இதைத் தொடங்கியபோது என்ன சொன்னோம்? பிள்ளையை விட்டுவிட்டு எந்த அம்மாவும் கடல் தாண்டக் கூடாது என்றோம். உங்கள் உழைப்பில்தான் முதல் மெஷின் வந்தது. நீங்கள் வந்துவிடுங்கள். கையில் காசு குறைவாகத்தான் நிற்கும். சமாளிப்போம்.

உங்கள்
வினோதா


தோஹா
21.06.2024

வினோதா,

ஊருக்கெல்லாம் கதவைத் திறந்தாய். நான் வருகிற கதவை மட்டும் சாத்திவிட்டாய். குறைவாக நின்றாலும் சமாளிக்கலாம் என்கிறாய். இங்கே வர நான் வாங்கிய கடனை உன் வீட்டார் சொல்லிக் காட்டிய நாளில் நீ பக்கத்தில் இல்லை. வெறுங்கையோடு நான் வந்து நிற்க மாட்டேன்.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டேன்.

சுதாகரன்


தலவாக்கலை
15.07.2024

அன்பு அத்தானுக்கு,

திட்டி எழுதினாலும் எழுதினீர்களே, அது போதும்.

லயத்து ஆட்கள் தற்காலிகக் குடிலுக்குப் போய்விட்டார்கள். நாகலெட்சுமி அக்கா குவைத் பேச்சை விட்டுவிட்டார். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை ஒன்று வந்திருக்கிறது. எல்லோரும் கேட்கிறார்கள், "அண்ணன் எப்ப வர்றாரு?" ஆவணியில் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், தங்களால்தான் நீங்கள் வரவில்லை என்று அவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பனி ஆள் நாளைக்கே திரும்பி வந்தாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். ஆனாலும் வேலை முடியும் நேரம் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நான் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நேரே போவதில்லை. கொழும்பு பஸ் வந்து கடைசி ஆள் இறங்கும்வரை ஸ்டாண்டில் நிற்கிறேன். இத்தனை வீட்டில் அம்மாவை ஊரோடு வைத்தவளால் தன் வீட்டு ஆளை மட்டும் வரவழைக்க முடியவில்லை.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள்
வினோதா


தோஹா
09.08.2024

அன்பு வினோவுக்கு,

கோபம் போய்விட்டது. ஒப்பந்தம் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன், ரத்துச் செய்ய முடியாதாம். வருஷம் முடிந்தால்தான் லீவு.

உன் கடிதத்தை என் அறைக்கூட்டாளி, அட்டன் ஊர்க்காரர் நஸீர் பாயிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கையில் தந்தார். பிறகு, "என் உம்மாவும் இப்படித்தான் வெளிநாடு போனா. அப்ப எங்க ஊர்ல இப்படியொரு எடம் இல்ல" என்றார்.

நிலையத்தை விற்காதே. ஆனால் ஒன்று செய். நான் ஆவணியில் வரவில்லை என்பதைப் பெண்களிடம் சொல்லிவிடு. எல்லோருடைய பாரத்தையும் நீ வாங்கிக்கொள்கிறாய். உன்னுடையதை யாரிடமும் கொடுப்பதில்லை. நாகலெட்சுமி அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்: ஞாயிற்றுக்கிழமைகளில் என் வினோவைத் தனியாகச் சாப்பிட விட வேண்டாம்.

என்றும் உன்
சுதா