படகுக்குப் பின்னால் நின்றவர்கள்

வடக்குப்பட்டு
3.2.1991, ஞாயிறு இரவு

அன்புள்ள நிலாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாமாவுக்குக் காட்டாதே, உன் அம்மாவுக்கும் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நெல் மூட்டை அடுக்கிய அறையில் சிமினி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளியே அப்பா புரண்டு படுத்தால்கூட என் பேனா நின்றுவிடுகிறது.

காணும் பொங்கலன்று எங்கள் ஏரியில் மெட்ராஸ் கிளப்காரர்கள் மோட்டார் படகுப் பந்தயம் விட்டார்களே, அன்று படம் எடுக்க வந்திருந்த மாமா, உன் அப்பா, சாப்பிடப் போன நேரத்தில் நாம் அவருடைய கேமராவை எடுத்தோம். நீ பையைப் பிடித்துக்கொண்டாய். நான் முழங்கால் தண்ணீரில் நின்று, அந்த நீள லென்ஸை இழுத்து ஒரு படம் எடுத்தேன். பிறகு மதகுப் பக்கம் ஓடிப்போய் இன்னொன்று. எங்கள் வீட்டில் நான் வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போயிருந்ததாக இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த முதல் படத்தைத் தான் எடுத்ததாகவே நினைத்து, மாமா பெரிதாக்கிச் சட்டம் போட்டு அப்பாவுக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக நம்மைப் பார்த்து வருகிறது. அதன் பின்னால் தண்ணீர், நெல் தூற்றும்போது பறக்கும் பதர் மாதிரி நிற்கிறது. அப்பா அதைக் கூடத்தில் மாட்டி, வந்தவர் போனவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இரண்டு நாள்தான் அந்தப் பெருமை.

டீக்கடை நடேசன் வந்தவர் படத்துக்கு முன்னால் நின்று, "இன்னா கோதண்டம், படகு ஜோரா கீது. பின்னால நிக்கிற ஜோடியும் ஜோரா கீது" என்று சிரித்தார்.

அப்பா படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். படகுக்குப் பின்னால் ஏரிக்கரையில் எங்கள் சரோஜா அக்கா நிற்கிறாள். அவள் பக்கத்தில், ஒட்டினாற்போல, தாவீது. அக்கா கம்பெனியில் அதே ஷிப்டில் வேலை செய்கிறாரே, மாதா கோயில் தெருவில் வீடு, நடேசன் "ஒட்டகம்" என்று கூப்பிடுவாரே, அவர்தான்.

"ஊரே பாத்துக்கினு கீது, தோளோட தோள் ஒரசினு நிக்கிற. இதுக்குத்தான் கம்பெனிக்குப் போறியா?" என்றார் அப்பா.

"அவரு எங்க நின்னாருன்னே எனக்குத் தெரியாதுப்பா."

"படம் பொய் சொல்லுதா?"

அடித்தார், நிலா. நடுவில் போன அம்மாவும் வாங்கினாள். அக்காவின் வேலையை நிறுத்திவிட்டார்கள். வருகிற பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, படப்பை அத்தை மகன் கோபாலுக்குத் தட்டு மாற்றப் போகிறார்கள். அவர் அக்காவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். போன வருஷம் கேட்டபோது அப்பாவே வேண்டாம் என்று சொன்ன இடம் அது.

தாவீது அன்று அக்காவுக்கு வெகுதூரம் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஐஸ் வண்டி ஒன்றும் ஒரு கூட்டமும் போய்வரும் அளவுக்கு இடம் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். கரை நேராக நமக்கு எதிரே நீண்டு போனதால், அந்த லென்ஸ் பின்னால் இருந்ததை முன்னால் இழுத்து ஒட்டிவிட்டது. மதகிலிருந்து எடுத்த படத்தில் கரை பக்கவாட்டில் விழுந்திருக்கும். யார் எங்கே நின்றார்கள் என்பது அதில் தெரியும். நீதானே இருட்டறையில் மாமாவுக்கு உதவி செய்கிறாய். அதில் ஒரு பிரதி போட்டு அனுப்பு. பள்ளிக்கூட வாசலில் கடை வைத்திருக்கும் கிளியம்மாள் பெயருக்கு அனுப்பினால் எனக்கு வந்துவிடும்.

நான் எடுத்த படம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் சொல்லிவிட்டு ஆம்பிளைகள் நடுவே தண்ணீரில் நின்றேன் என்று தெரிந்தால் அப்பா என்னைப் பரீட்சைக்கு விடமாட்டார். பத்தாவதோடு எல்லாம் முடிந்துவிடும். படத்தை அனுப்பு, மாமா அனுப்பியதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னையே நம்பியிருக்கும்
காந்திமதி


தாம்பரம்
8.2.1991

அன்புள்ள காந்திக்கு,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். அத்தைக்கு என் அன்பைச் சொல் என்று எழுத வந்தேன், பிறகுதான் சொல்ல முடியாதே என்று ஞாபகம் வந்தது. சரோஜா அண்ணியை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. பிலிமைக் கழுவியபோதே மதகுப் படத்தைப் பார்த்துவிட்டேன். என் அப்பா அன்று மதகுப் பக்கமே போகவில்லை. பார்த்தால் யார் எடுத்தது என்று கேட்பாரே என அதை மட்டும் வெட்டி எடுத்து ஒளித்துவைத்தேன். போன வருஷம் நான் பிளாஷைக் கீழே போட்டதிலிருந்து ஸ்டுடியோ பக்கமே வரக்கூடாது என்று வைத்திருந்தார். இப்போதுதான் மறுபடி உள்ளே விட்டிருக்கிறார்.

இன்னொரு விஷயம். நீ எடுத்த அந்தப் படகுப் படத்தை மெட்ராஸில் ஒரு பத்திரிகை அட்டைக்கு எடுத்துக்கொண்டது. "படம்: ரகுபதி" என்று போடப்போகிறார்களாம். கல்யாண வீட்டில் விளக்குப் பிடிக்கிறவன் என்று கேலி பேசியவர்கள் எல்லாம் வந்து கை கொடுக்கிறார்கள். அப்பா விசிலடித்துக்கொண்டு ஷேவ் பண்ணுகிறார், காந்தி. அதை எப்படிக் கெடுப்பேன்?

அண்ணி மேல் தப்பில்லை என்றால் கடவுள் பார்த்துக்கொள்வார். கோபால் அண்ணனுக்குச் சொந்தக் கடை, சொந்த வீடு. அவர் கெட்டவர் இல்லை என்று அம்மாவும் சொல்கிறாள். நீ பரீட்சைக்குப் படி. வாயைத் திறக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

என்றும் உன்
நிலா


வடக்குப்பட்டு
14.2.1991, வியாழன் இரவு

நிலாவுக்கு,

இந்தக் கடிதத்தை எரிக்காதே. மாமாவிடம் காட்டு. உன் அம்மாவிடம் காட்டு. உங்கள் ஸ்டுடியோ கண்ணாடியில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம்.

மதகுப் படம் இனி எனக்கு வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

அப்பா சட்டம் போட்ட படத்தை இந்த அறையில்தான், மூட்டைக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். இன்று அதை வெளியே எடுத்து விளக்கை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்தேன். எல்லோரும் தோளைத்தான் பார்த்தார்கள், நானும்தான். தலையைப் பார்க்கவில்லை. படத்தில் அக்கா தலையும் தாவீது தலையும் ஒரே மட்டம். அவர் கம்பெனி பஸ்ஸில் குனிந்துதான் நிற்பார். நடேசன் கடைக் கூரையில் இடித்துக்கொள்ளாமல் ஒரு நாளும் டீ குடித்ததில்லை. அக்கா அவர் தோளுக்குத்தான் வருவாள். பக்கத்தில் நின்றிருந்தால் தோளும் தோளும் எப்படி உரசும்? ஒட்டகம் அக்கா உயரத்துக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் அது அவ்வளவு தூரத்தில் நின்றது. பெயர் வைத்த நடேசனுக்கே அது தெரியவில்லை பார்.

அக்காவை எழுப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"நாளைக்கு இத்த சொல்லப் போறியா?" என்றாள்.

"ஆமாக்கா. அவங்க தட்ட கீழ வெக்கிறதுக்கு முன்னாடியே."

"உன் படிப்பு?"

"போனா போவுது."

"அப்டி ஈசியா சொல்லாத. நான் ஓவர்டைம் பாத்து உனுக்கு பீஸு கட்டினது போறதுக்கா?" என்று தலையில் குட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எட்ட நின்னேன்னு மட்டும் சொல்லி என்ன காப்பாத்தாத காந்தி. அப்போ கிட்ட நின்னிருந்தா, இவங்க அடிச்சது சரியாயிடுமா? ஒரே லைன்ல வேல செய்றவன். ஒரு நாளு பக்கத்துல நின்னு பேசித்தான் இருந்தா இன்னா? சொல்றதுனா ரெண்டையும் சொல்லு."

இரண்டையும் சொல்லப் போகிறேன். கோயிலுக்குப் போகவில்லை என்பதையும் சொல்வேன். பரீட்சைக்கு விடவில்லை என்றால் ஹெட்மிஸ்டரஸ் வீட்டு வாசலில் போய் உட்காருவேன். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே.

உன்னிடம் கோபம் இல்லை என்று எழுத முடியவில்லை. நீ எனக்கு எழுதியதை என் அக்கா முகத்தைப் பார்த்து எழுதியிருப்பாயா? மாமா விசிலடிப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அக்கா ஏன் படப்பைக்குப் போக வேண்டும்? அட்டையில் யார் பெயர் என்பதை மாமாவே முடிவு செய்யட்டும். அந்தப் படகு வளைவிலிருந்து நேராக வருகிற வரைக்கும் மூச்சுவிடாமல் காத்திருந்தது நான். அது என் படம். அது செய்த கேட்டையும் நானே

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "காந்தி, உள்ள இன்னாடி வெளக்கு?"

அப்பாதான். பேனா நிற்கவில்லை, பார்த்தாயா. விளக்கையும் அணைக்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு நானே போய்க் கதவைத்