பலகை டாக்டரும் அப்பாவோட வலது கண்ணும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாம இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவத் தொட்டேன். இங்க எல்லாரும் சுகம்னு எழுதிப் பழகின கை, இந்தத் தடவை மக்கர் பண்ணுது. ரெண்டு மாசமா நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா தூங்குறார், குளிக்கிறார்னு சொன்னது பொய், கோவிச்சுக்காதே. அப்பாவுக்கு வலது கண்ணுல பார்வை போயிடுச்சு.

போன வருஷக் கடைசியிலயே பஸ் ஓட்டும்போது எதிர்ல வர்ற லைட் ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னார். கண்ல புரை, அரை மணி நேர ஆபரேஷன்னு சொன்னாங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில பதினோரு மாசம் கழிச்சு வரச்சொல்லி சீட்டுக் கொடுத்தாங்க. சரி, காசு கொடுத்தே பண்ணிக்கலாம்னு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எவ்வளவு ஆகும்னு கேட்டா, கவுன்டர்ல இருந்த பொண்ணு இன்சூரன்ஸ் இருக்கான்னு என்னைத் திருப்பிக் கேக்குறா. இருந்தா எவ்வளவு, இல்லைன்னா எவ்வளவுன்னேன். அட்மிட் ஆனப்புறம்தான் தெரியுமாம். கத்திரிக்காயை ஆக்கிச் சாப்பிட்டுட்டு வாங்க, விலையை அப்புறம் சொல்றேன்னு நான் சொன்னா என் கடைப்பக்கம் ஈ காக்கா வருமா? அப்பா என் கையப் பிடிச்சு இழுத்துட்டு வெளிய வந்துட்டார்.

அப்புறம்தான் கண்டக்டர் ஒருத்தர் டெப்போவுக்குப் பின்னாடி இருந்த டாக்டரம்மாவைச் சொன்னார். வாசல்லயே பலகை மாட்டி, பரிசோதனைக்கு இவ்வளவு, புரை ஆபரேஷனுக்கு லென்ஸ், மருந்து எல்லாம் சேர்த்து இவ்வளவுன்னு பெயின்ட்ல எழுதி வெச்சிருந்தாங்க. பெரிய ஆஸ்பத்திரியில அந்தக் கண்டக்டர் தன் கண்ணுக்குக் கட்டினதுல மூணுல ஒரு பங்குதான். பலகை டாக்டர்னே எல்லாரும் கூப்பிடுவாங்க. அப்பாவுக்கு ஒரு வியாழக்கிழமை தேதி கொடுத்தாங்க. செவ்வாய்க்கிழமை அரசாங்க சுகாதார ஆபீஸ்காரங்க வந்து, அவங்க புதுசாத் திறந்திருந்த ஆபரேஷன் ரூமுக்கு சீல் வெச்சுட்டாங்க. புதுசா ஆபரேஷன் ரூம் திறக்கணும்னா ஊருக்கு அது தேவைதான்னு காட்டணும், ஏற்கெனவே இருக்குற ஆஸ்பத்திரிங்க ஆட்சேபம் சொல்லலாம்னு சட்டமாம். பெரிய ஆஸ்பத்திரி, இங்க இருக்குறதே போதும்னு எழுதிக் கொடுத்திருக்கு.

விசாரணை வெச்சாங்க, யார் வேணும்னாலும் பேசலாம்னாங்க. நான் கடையை மூடிட்டுப் போனேன். என் கடைக்கு எதிர்லயும் போன வருஷம் ஒரு காய்கறிக் கடை திறந்தாங்க, தேவையான்னு என்னைக் கேட்டிருந்தா சாகுற வரைக்கும் தேவையில்லைன்னுதான் சொல்லியிருப்பேன், அவங்க வந்தப்புறம்தான் அழுகல் தக்காளியை அடியில வெக்கறதையே விட்டேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதிகாரியும் சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டார். ரெண்டு வாரத்துல அனுமதி கிடையாதுன்னு கடிதம் வந்துடுச்சு. டாக்டரம்மா முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தாமதம் பண்ணாம எங்கயாவது பண்ணிக்குங்கன்னு அப்பாகிட்ட கெஞ்சிட்டு ஊரை விட்டே போயிட்டாங்க.

நாங்க எங்க போறது? சீட்டுத் தேதிக்கு இன்னும் ஆறு மாசம் இருந்துச்சு. ஒரு மதியம் கண்ணு செவந்து, தலையைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தார். அதே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன், அப்ப யாரும் விலை கேப்பாங்களா. புரை முத்தி, உள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துடுச்சுன்னாங்க. ஆபரேஷனும் பண்ணி பில்லும் நீட்டினாங்க, பார்வையைத்தான் தர முடியல.

வைத்தியத்தைக் காய்கறிக் கடையோட சேர்க்காதீங்க அத்தை, அரசாங்கமே பாத்துக்கணும்னு மாப்பிள்ளை சொல்வார். அவர் படிச்சவர். ஆனா பதினோரு மாசச் சீட்டைக் கொடுத்ததும் அவங்கதான், சீல் வெச்சதும் அவங்கதான். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியாச்சு, சிரிச்சாங்க.

அப்பா டெப்போவுல பஸ் சாவியைக் கொடுத்துட்டு வந்துட்டார். இப்ப டம்ளர்ல தண்ணி ஊத்தினா பாதி வெளியதான் போகுது, நான் பாக்காத மாதிரி இருந்துக்குறேன். நீயும் வருஷம் ஒரு தடவை கண்ணைக் காட்டிடு, மறக்காதே. ஒரு நோவும் அண்டாம, பேரும் புகழுமா நீங்க மூணு பேரும் வாழணும்.

உனக்கு என்ன எழுதணும்னு அப்பாவைக் கேட்டேன். லீவு போட்டு அலைய வேண்டாம், மெதுவா வரட்டும்னு எழுதச் சொன்னார். நீ அதைக் கேக்காதே. இடது கண்ணுலயும் புரை விழுந்திருக்கு. அதுக்கும் சீட்டு வாங்கியிருக்கோம், பதினாலு மாசம். உன் குழந்தை முகத்தை அவர் இன்னும் நேர்ல பாக்கல.

இப்படிக்கு,
உன் அம்மா