விரிப்பை யார் மாற்றினார்கள்?

ஜூன் 3, திங்கள்

அப்பாவின் முதுகு மறுபடியும் சிவந்திருக்கிறது. பக்கவாதம் வந்தவரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சொல்லிவிட்டுப் போய்விட்டார், எனக்கல்லவா இடுப்பு கழன்று விழுகிறது. முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாகிறதாம். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஜூன் 5

தங்கையின் கட்டுரை பத்திரிகையில் வந்திருக்கிறது. பெற்றவர்களை இல்லத்துக்கு அனுப்பும் பிள்ளைகளை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். படித்து நானே அழுதேன். அப்புறம்தான் உறைத்தது, அது என்னைத்தான் சொல்கிறது.

ஜூன் 6

சித்தப்பா போன் செய்தார். "படிச்சியாம்மா? பொண்ணுன்னா அவ பொண்ணு. இனிமே இல்லம் கில்லம்னு பேச்செடுக்காத."

சரி என்று வைத்துவிட்டேன். எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவள் பொண்ணு. அப்போ நான் யாராம்?

ஜூன் 7

அலுப்பு. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மாலை வகுப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டுரை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு பத்திக்கும் இடது ஓரத்தில் அது என்ன சொல்கிறது, வலது ஓரத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். இன்று வங்கிக்காரர் தங்கையின் கட்டுரையையே நகலெடுத்துக் கொண்டுவந்துவிட்டார். எழுதியவள் என் தங்கை என்று யாருக்கும் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

முதல் பத்தியில் வெளுத்த விரிப்பில் அப்பா. 'இரக்கம் வரவழைக்கிறது' என்று வலப்பக்கம் எழுதினார்கள். அடுத்ததில் இளஞ்சூட்டில் கஞ்சி, துடைத்த வாய். எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க, நர்ஸாக வேலை பார்க்கும் பெண் மட்டும் பேனாவை மூடிவிட்டாள்.

"மேடம், விரிப்ப யாரு மாத்துனாங்க? கஞ்சிய யாரு ஊட்டுனாங்க? எல்லாம் தானா நடக்குது! அந்த வீட்ல ஒரு ஆள வெளிய எடுத்துட்டுத்தான் கட்டுரையே கட்டியிருக்காங்க. அந்த ஆள உள்ள கொண்டுவந்தா, கடைசிப் பத்தில பிள்ளைங்களத் திட்டுறாங்களே, அது நிக்காது."

பாடம் எடுக்கிறவள் நான். வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு படித்தபோது இது ஏன் என் கண்ணில் படவில்லை?

லாரி ஓட்டுகிறவர் விடவில்லை. "அது சரிதாங்க. ஆனா அஞ்சாவது பத்தி பொய்யில்ல. ஷேவ் பண்ணும்போது அந்த அப்பா கன்னத்த உப்பிக் காட்டுறாருல்ல? ஆசை இல்லாதவங்க கண்ணுக்கு அது தெரியாது."

உண்மைதான். தினமும் ஷேவ் செய்துவிடுவது நான். அவர் கன்னத்தை உப்புவதைக் கவனித்து எவ்வளவு நாளாயிற்று!

ஜூன் 12

கட்டுரையைத் தங்கைக்கு அனுப்பினேன். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் 'யார்?' என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாவதில் மட்டும் 'இது நிஜம்.' இருந்த கோபத்துக்கு இத்தோடு நிறுத்தியதே பெரிது.

ஜூன் 14

பதில் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். இருக்கட்டும்.

ஜூன் 16, ஞாயிறு

பெட்டியோடு வந்து நிற்கிறாள். "ஒரு வாரம் அப்பாவ நான் பாத்துக்கறேன். நீ எதுலயும் கை வைக்காத."

சண்டை போடத் தெம்பில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

ஜூன் 19

"அக்கா!" என்று ஓர் அலறல். அப்பா கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டார். ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தேன். இருவருமாகப் புரட்டி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன நாளா இத தனியாவா பண்ணிட்டிருந்த? சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியேடி."

அழுதாள். எனக்கு அழவும் அலுப்பாக இருந்தது.

ஜூன் 24, திங்கள்

இல்லத்தைப் பார்க்க இருவரும் போனோம். மேலாளர் சுற்றிக் காட்டினார். சுத்தமான விரிப்பு, வேளாவேளைக்குச் சாப்பாடு, மறக்காமல் புரட்டிப் படுக்கவைப்பார்களாம். கேட்க இதமாக இருந்தது. நான் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே போனேன். தங்கை நின்றுவிட்டாள்.

"இதையெல்லாம் யாரு செய்றாங்க? அவங்கள நாங்க பாக்கணும்."

மேலாளர் உள்ளே போய், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரை அழைத்து வந்தார். தங்கை அவரிடம் கன்னம் உப்புகிற விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு, முதுகு எந்தப் பக்கம் சிவந்திருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

வியாழக்கிழமை அப்பாவைக் கூட்டிப்போகிறோம். அதுவரை ஷேவ் செய்துவிடுவது நான்தான் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன்.