ஐம்பது கிலோ மூட்டைக்குப் பக்கத்தில் உன் அம்மா

அன்புள்ள பிரியதர்ஷினிக்கு, மரக்காணம் உப்பளத்து எடைமேடையின் ஏகச் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமான சகாதேவன் எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உப்பு சுகம், வெயில் ரொம்பவே சுகம். உன் அம்மாவையும் இந்த வரிசையில் சேர்க்கத்தான் பேனா வரமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை உனக்குப் போன் போட்டு, இரண்டு தடவையும் கோமாளித்தனமாக எதையோ பேசி வைத்துவிட்டேன். அதனால்தான் நாளை மஸ்கட்டுக்கு விமானம் ஏறும் நம்ம தெரு அருண்ராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தை மாதம் நீ அனுப்பிய வீடியோ ஞாபகம் இருக்கிறதா? கேன்சருக்குச் சர்க்கரைதான் தீனி, சோற்றையும் பழத்தையும் நிறுத்தினால் குடலில் இருக்கும் கட்டி பட்டினி கிடந்தே செத்துவிடும் என்று கோட்டு போட்ட ஒருவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னானே, அதுதான். அம்மாவுக்கு ஒரு பருக்கை குடுக்காதீங்க மாமா என்று நீயும் அழுதாய். விடுவேனா நான்? அன்றைக்கே அரிசிப் பானைக்கு ராணுவக் காவல் போட்டேன். கூனிமேட்டிலிருந்து நம்ம சொந்தக்காரி பாக்கியலட்சுமி கொண்டுவந்த பொங்கலை வாசலிலேயே சோதனை போட்டுத் திருப்பி அனுப்பினேன். வெந்த காயும் மோரும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தோறும் உப்பு மூட்டை நிறுக்கும் மேடையில் அக்காவை ஏற்றினேன். பாத்தியில் உப்பு வாரிய காலத்தில் ஐம்பது கிலோ மூட்டையைவிட ஏழு கிலோ கூட நின்ற மனுஷி. ஏண்டா, என்ன எந்த லாரில ஏத்தப் போற என்று சிரித்தது. ஐம்பது, நாற்பத்தாறு, நாற்பத்தொன்று. எண் இறங்க இறங்க, கட்டிதான் கரைகிறது என்று நான் போட்ட கூச்சல் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன செவ்வாய் புதுச்சேரியில் கேன்சர் ஊசி போட வேண்டிய நாள். டாக்டரம்மா எடையைப் பார்த்துவிட்டு, இந்த உடம்பு ஊசிய தாங்காதுங்க என்று நிறுத்திவிட்டார். நான் வீடியோ வித்தையை அளந்தேன். கட்டி சர்க்கரையை அதிகமாக இழுப்பது நிஜம்தானாம். ஆனால் சோற்றை நிறுத்தினாலும் அது பட்டினி கிடக்காதாம், உடம்பு தன் சதையையே கரைத்துச் சர்க்கரையாக்கி அதற்கு ஊட்டுமாம். போதாததற்கு நோயே பசியையும் அடக்கிவிடுமாம். கட்டியின் தீனி வழியை அடைக்கும் மருந்துகளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்களாம், அது ஆராய்ச்சி செய்றவங்க வேலை, உங்க அடுப்பங்கரை வேலை இல்லீங்க என்றார். கட்டியை அடிக்க ஊசி, ஊசியைத் தாங்கச் சோறு, முட்டை, மீன், பால். மூன்று வாரத்தில் கொஞ்சமாவது எடை ஏறித் தெம்பு வந்தால்தான் மறுபடி ஊசியாம்.

அன்று சாயந்திரமே சோறு வடித்து, சங்கரா மீன் குழம்பு ஊற்றி வைத்தேன். அக்கா தட்டைத் தள்ளிவிட்டது. டாக்டர் பேச்சைச் சொன்னேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என் பொண்ணு அழுதுகினு சொல்லிச்சு, அது வாயால துன்னுன்னு சொல்லட்டும், அப்பறம் துன்றேன் என்கிறது. உன்னிடம் கேட்கவும் மாட்டாதாம், புள்ள பயந்துடுமாம். வீடியோ காலில் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு நல்லாத்தான் இருக்கேன் என்கிறதே, குளிருக்கு என்றா நினைத்தாய்? மரக்காணத்தில் ஏதம்மா குளிர்? உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீ தூரத்தில் இருந்தாய். நான் பக்கத்தில் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தவன்.

இதைப் படித்ததும் போன் போடு. எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே, சோறு துன்னும்மா என்று அதட்டு. தட்டை வேளா வேளைக்கு முன்னால் வைத்துக்கொண்டேதான் இருப்பேன். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு தாயீ.

இப்படிக்கு,
பட்டம் எதுவும் இல்லாத உன் மாமா,
சகாதேவன்

பி.கு. இன்று வெள்ளிக்கிழமை. முப்பத்தொன்பது.